முல்லைக்காரன் இல்லாத வியாபாரம்

இலங்கையில் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கென இயற்றப்பட்ட 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைநேரத்தை வரையறுத்து, வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வையும் உரிமையாக்கிற்று. ஆயினும், அதே கடையில் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் முதலாளி எத்தனை மணித்தியாலம் உழைக்கலாம் என்பதைக் குறித்து அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த எல்லையை யார் வகுப்பது என்பதே, கல்முனை தொடக்கம் திருக்கோவில், பொத்துவில் வரையிலான இக்கரையோரத்தில் ஆலையும் தறியும் கடையும் நடத்துகின்ற நம் வாசகர்களின் முன் இம்முறை வைக்க விரும்பும் விசாரம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல், தொழிற்சோர்வை ஒரு வியாதி என்று கூறாமல், நெடுநாள் நீடித்த தொழில் அழுத்தம் சரிவரக் கையாளப்படாமையால் விளையும் நிலை என்று வகைப்படுத்தி, அதற்கு மூன்று லட்சணங்களைக் குறித்தது: சக்தி வற்றிப்போதல், தொழிலின்மேல் மனம் விலகிக் கசந்துபோதல், செய்யும் காரியத்தில் திறமை குன்றுதல். பழகிய வாடிக்கையாளரிடம் காரணமின்றிச் சினப்பதும், காசோலையின் திகதியை மறந்துபோவதும், நடுச்சாமத்தில் எழுந்து கடன் கணக்குப் பார்ப்பதும் இந்த லட்சணங்கள் நம்மூரில் தரித்து வரும் வேஷங்களே. வாரத்துக்கு 55 மணித்தியாலத்துக்குக் குறையாமல் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்போரைவிடப் பாரிசவாத அபாயம் 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 வீதமும் கூடுதல் என்று அந்த ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. அந்த 55 மணித்தியாலம் நம்மில் பலருக்கு வியாழக்கிழமைக்குள்ளேயே நிறைந்துவிடுகிறது.

இது தனிமனிதரின் பலவீனம் என்று எவரும் எண்ணற்க. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கடைகளை வெறுங்கையோடு மீண்டும் எழுப்பியவர்கள் இம்மக்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயலோடு ஆலைகளும் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சி தீருமுன்னரே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்த, எரிபொருளுக்கு வரிசையும் மணிக்கணக்கான மின்வெட்டும் அதனோடு சேர்ந்துகொண்டன. அத்தகைய ஆபத்துக் காலத்தில் கொள்முதல், கடன், கூலி, ஒப்பம் அனைத்தையும் முதலாளி தன் கைக்குள் எடுத்துக்கொண்டது விவேகமே. ஆபத்து நீங்கிய பின்னரும் அவற்றில் ஒன்றையேனும் மற்றவரிடம் திருப்பிக் கொடுக்காததே, நம் அபிப்பிராயத்தில், இன்றைய சோர்வுக்கு மூலகாரணம்.

இத்தனைக்கும், பொறுப்பைப் பகிர்வது இம்மண்ணுக்குப் புதிய வித்தையன்று. பெரும்போகமும் சிறுபோகமும் விளைந்த பரந்த வட்டைகளுக்கு உடையவராயிருந்த போடியார், விதைப்பையும் நீர் பாய்ச்சலையும் அறுவடையையும் வயற்காரியங்களை மேற்பார்க்கும் முல்லைக்காரனிடம் ஒப்படைத்து, அவனுடைய தீர்ப்பை மதித்தே விவசாயம் நடத்தினார். அம்முறையில் வயற்கூலிகளுக்கு நேர்ந்த அநீதிகள் போற்றத்தக்கவை அல்ல. ஆனால் எஜமானன் எல்லா வரம்பிலும் தானே நிற்கவேண்டும் என்ற பிரமை அதில் இருக்கவில்லை. கோவில்களில் வண்ணக்கர்மாரும், பள்ளிவாசல்களில் மரைக்காயர்மாரும் குடிவழியே பொறுப்பேற்றதும், திருவிழாக்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் உரியனவாகப் பங்கிடப்பட்டதும் அதே அறிவின் விளைவு. ஆலயத்துக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் பொருந்திய இந்த ஏற்பாடு, அரிசி ஆலைக்கும் வன்பொருட் கடைக்கும் மாத்திரம் ஏன் வந்து சேரவில்லை?

பெரிய ஸ்தாபனங்களும் இப்பாடத்தைச் சிரமப்பட்டே கற்றன. பிரித்தானியாவின் லொயிட்ஸ் வங்கிக்கு 2011 மார்ச்சில் தலைமையேற்ற அந்தோனியோ ஹோர்த்தா ஒசோரியோவுக்கு, அவ்வாண்டு நவம்பரிலேயே உறக்கமின்மையாலும் களைப்பாலும் விடுப்பெடுக்க நேர்ந்தது. 2012 ஜனவரியில் திரும்பியவர், தம்மிடம் நேரடியாகப் பொறுப்புக் கூறும் அதிகாரிகளின் தொகையைக் குறைத்துக்கொண்டு, 2021 வரையில் அப்பதவியிலேயே நிலைத்தார். விடுப்பு அவருக்கு உறக்கத்தை மீட்டுத் தந்திருக்கலாம். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் பதவியில் நிலைக்க உதவியது, வேலையின் அமைப்பையே மாற்றியதுதான் என்பது நம் எண்ணம்.

வீட்டையும் தொழிலையும் வெவ்வேறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நகரத்து ஆலோசகர்கள் சொல்வது நன்மொழியே எனினும், இங்கே அது எளிதன்று. சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து வாழ்வது இக்கரையோரத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். அந்த வீட்டின் உறுதியே வியாபாரக் கடனுக்கு ஈடாகி வங்கியில் கிடக்கும்போது, கடையைப் பூட்டிவிட்டு வந்தவன் எதை மறந்து உறங்குவான்? வீட்டுக்கு உரியவளோ, ஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட்டதற்கு அப்பால், கணக்கில் ஒரு வரியும் அறியாதவளாக வைக்கப்படுகிறாள். அவளையும் கணக்கின் முன் அமர்த்துவது அவளுக்குரிய நியாயம் என்பதோடு, தன் பயத்தைத் தனியே சுமக்கும் கணவனுக்கும் பேருதவி.

ஜும்ஆ நேரத்தில் வியாபாரத்தை விட்டெழும் நல்வழக்கம் நம் நகரங்களில் இன்றும் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் கடற்கரையில் கூடுவோரிலும் வியாபாரிகள் பலர். கைத்தொலைபேசி அங்கும் உடன் வருவதுதான் துயரம். அதை அணைத்து வைக்கும்படி கூறுவது பயனற்றது. மறுமுனையில் இருப்பவருக்கு முதலாளியைக் கேளாமல் ஒரு மூடை சிமெந்தைக்கூடக் கடன் கொடுக்க அதிகாரமில்லாதவரை, அது அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகையால் வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒரு சிறு பிரயத்தனமே. வரும் பெரும்போக அறுவடைக்கு முன்னர், ஒரு குறித்த தொகைவரை காசோலையில் ஒப்பமிடும் உரிமையை நம்பத்தக்க இன்னொருவருக்கு வங்கியில் எழுதிக் கொடுங்கள். அவர் மகனாகவோ மகளாகவோ, பல்லாண்டு உடனுழைத்த கணக்கராகவோ இருக்கலாம். அவர் முதலில் தவறு செய்யக்கூடும். அந்த நட்டத்தைத் தாங்கத்தக்க அளவிலேயே தொகையை வகுப்பது முகாமைத்துவத்தின் சாமர்த்தியம். யாரிடம், எந்த அலுவலை, எவ்வளவு தொகைக்கு ஒப்படைத்தீர்கள், ஒரு போகம் முடிந்தபின் கணக்கு எப்படி நின்றது என்பதை எமக்கு எழுதியனுப்பினால், பெயர் குறியாமல் இவ்விதழில் வெளியிடுவோம்.