மிரளும் குதிரையும் இருபது நிமிடமும்

குதிரை மிரண்டது என்று எழுதிவிட்டால் செய்தி முடிந்துவிடுகிறது. எதைக் கண்டு மிரண்டது, மிரளாமலிருக்க அதற்கு யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. 2021 ஆகஸ்ட் 6ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் செயின்ட் பாய் என்ற குதிரைக்கு நேர்ந்ததும் அவ்வாறே எழுதப்பட்டது.

நவீன ஐந்திறப் போட்டி என்றொரு பிரிவு ஒலிம்பிக்கில் உண்டு. 2024 வரை வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் ஆகிய ஐந்திலும் ஒருவரே போட்டியிட வேண்டியிருந்தது. 1912இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய இதன் பின்னால், பகைவர் நாட்டில் சிக்கிக்கொண்ட படைவீரன் கையில் கிடைத்த குதிரையில் ஏறித் தப்பி வருகிறான் என்ற கற்பனை இருக்கிறது. அக்கற்பனைக்கு ஏற்ப, டோக்கியோவில் வீரர்கள் தங்கள் குதிரையைக் கொண்டுவரவில்லை. போட்டி நடத்துபவர் தந்த குதிரைகளில் ஒன்று சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. முன்பின் அறியாத அக்குதிரையோடு பழகிக்கொள்ளத் தரப்பட்ட நேரம் இருபது நிமிடம். அதோடு ஒரே குதிரை ஒரே நாளில் இருவரைச் சுமக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் வாள்வீச்சும் நீச்சலும் முடிந்த நிலையில் முதலிடத்தில் இருந்தார். அவருக்குச் சீட்டில் விழுந்த செயின்ட் பாய், அன்று அதற்கு முன்பே ரஷ்ய வீராங்கனை ஒருவரோடு தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லாய் ஏறியபோது களத்துக்குள் போகவே மறுத்தது. பின்வாங்கியது, சுற்றிச் சுற்றி வந்தது. அவர் அழுதுகொண்டே கடிவாளத்தை இழுத்தார், சவுக்கைப் பயன்படுத்தினார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர் அடி என்று கத்தியதும், தாமே கையை ஓங்கிக் குதிரையைக் குத்தியதும் உலகம் முழுவதும் ஒளிபரப்பாயின. ரைஸ்னர் எஞ்சிய நாள்களுக்கு விலக்கப்பட்டார். ஷ்லாய் 31ஆம் இடத்துக்குப் போனார்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். கொடுமைக்காரர்கள் என்றது ஒரு கட்சி. ஐந்தாண்டு உழைப்பை ஒரு முரட்டுக் குதிரை பாழாக்கியது என்றது மற்றது. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். குதிரையின் அமைதி அது வளர்ந்த லாயத்தில் பல மாதங்களில் உண்டாவது. அதை வெளியூர்க் களத்துக்குக் கொண்டுபோகலாம், களத்தில் வைத்து உண்டாக்க முடியாது. இருபது நிமிடத்தில் அதைக் கேட்ட விதிதான் அன்று முதல் குற்றவாளி.

நான் குதிரையேறியவனல்லன். வகுப்பில் பரி, புரவி, இவுளி, கலிமா என்று பெயர் சொல்லி நடத்தியவன் மட்டுமே. ஆனால் மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் நடத்துபவனுக்கு இந்நிகழ்ச்சியில் ஒன்று உறுத்துகிறது. தொல்காப்பியர் அச்சம் தோன்றும் இடங்களுள் ஒன்றாக விலங்கைச் சொல்கிறார். விலங்கைக் கண்டு மனிதன் அஞ்சுவது அது. மருட்கை என்ற மெய்ப்பாட்டை அச்சத்திலிருந்து பிரித்து, அதன் நிலைக்களன்களுள் முதலாவதாகப் புதுமையை வைக்கிறார். உரையாசிரியர்கள் மருட்கைக்கு வியப்பு என்று பொருள் கொள்வர். எனினும் மானின் மருண்ட நோக்கு என்று நாம் சொல்லும்போது அங்கே வியப்பும் திகைப்பும் கலக்கமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. வெளியூர்க் களத்தில் குதிரைக்கு வருவதும் இத்தகைய மருட்கைதான் என்று தோன்றுகிறது. கடிக்க வரும் புலி எதுவும் அங்கில்லை. எல்லாம் புதிது, அவ்வளவே. நம் இலக்கணம் விலங்கைக் கண்டு மனிதன் அஞ்சுவதற்கு இடம் கொடுத்தது. மனிதன் கட்டிய களத்தைக் கண்டு விலங்கு மருளுவதற்கு இலக்கணம் வகுக்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை.

புதிது என்பது குதிரைக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்றை அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்டனர். குழந்தைகள் விளையாடும் பெரிய பிளாஸ்டிக் சறுக்கு அமைப்பு ஒன்றைக் கடந்து குதிரைகளைப் பலமுறை நடத்திச் சென்றனர். அவை பழகி, அதைப் பொருட்படுத்தாமல் போகத் தொடங்கின. பிறகு அதே பொருளை அதே இடத்தில் சற்றுத் திருப்பி வைத்தனர். குதிரைகள் முதன்முறை பார்ப்பதுபோல் மருண்டன. பழகிய பொருளைத் திருப்பி வைத்தாலே புதுப்பொருள் என்றால், பூச்சட்டிகளும் கொடிகளும் ஒலிபெருக்கியும் நிறைந்த அயல்நாட்டு அரங்கம் அதற்கு என்னவாக இருக்கும்? தலைக்கு இரு பக்கமும் கண் வைத்த விலங்கு அது. ஏறத்தாழ 350 பாகை வட்டம் அதன் பார்வைக்குள் வருகிறது. நாம் கவனியாமல் விடும் ஓரத்து அசைவெல்லாம் அதன் கண்ணில் விழும். ஓடித் தப்பியதால் பிழைத்த இனம், முதலில் ஓடுகிறது, பிறகே யோசிக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். புல்வெளியில் அந்தப் பேய் சில வேளை உண்மையாகவே ஓநாயாக இருந்தது என்பதைக் குதிரையின் உடல் மறக்கவில்லை.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேச்சுப் போட்டிக்காக ஒரு மாணவியை வேறோர் ஊர்க் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். எங்கள் வகுப்பறையில் அவள் பேசினால் பக்கத்து வகுப்பும் அமைதியாகும். அங்கே மேடையேறி மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அதற்கு முன் அரங்க வாசலில் நின்று அவளிடம் நான் நான்கைந்து முறை சொன்னது, "பயப்படாதேம்மா" என்பதுதான். என் குரலில் பதற்றம் இருந்தது என்பது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? மறு ஆண்டு முதல் நாளே போனோம். ஆளில்லாத அரங்கில் ஒலிபெருக்கியின்றி அரைமணி நேரம் பேசவிட்டேன். நான் வாய் திறக்கவில்லை. பரிசு கிடைக்கவில்லை, பேச்சை முடித்தாள்.

பதற்றம் தொற்றும் என்பதற்குச் சான்று உண்டு. 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஏறிச் செல்பவர்களிடமும், இந்த முறை கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லிவைத்தனர். குடை விரிக்கப்படவேயில்லை. ஆனால் மனிதரின் இதயத்துடிப்பு கூடியது. உடனிருந்த குதிரையின் துடிப்பும் கூடியது. ஷ்லாய் அழுதுகொண்டு சேணத்தில் அமர்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களை இதை மனத்தில் கொண்டு நினைத்துப் பார்க்கலாம். முதுகில் இருப்பவர் அஞ்சுகிறார் என்பது மட்டும் அக்குதிரைக்குத் தெரியும். அஞ்சுவது பதக்கத்துக்காக என்பது தெரியாது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று அமெரிக்காவில் 1930களில் நடந்தது. சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரையை 1936இல் டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளர் ஏற்றபோது அது லாயத்துக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது, தீனி எடுக்கவில்லை, சேணத்தைக் கண்டாலே வியர்த்தது. ஸ்மித் அதிகம் பேசாத மனிதர். முதலில் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். சீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே போட்டுவிட்டது (லாரா ஹில்லன்பிராண்ட் 2001இல் எழுதிய நூலில் இப்பகுதியைச் சிரிக்காமல் படிக்க முடியாது). அடுத்துப் பம்ப்கின் என்ற மஞ்சள் நிறக் குதிரையைக் கொண்டுவந்தார். மாடு மேய்க்கப் பழகிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத கிழட்டு நிதானம் அதற்கு. இரண்டு லாயத்துக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துவிட்டார். ஒரு நாயும் ஒரு குரங்கும் வந்து சேர்ந்தன. பந்தயத்துக்காக ஊர் ஊராக ரயிலில் போகும்போது பம்ப்கினும் கூடவே போயிற்று. போகும் இடமெல்லாம் புதிதுதான், ஆனால் பக்கத்தில் பழைய முகம் ஒன்று இருந்தது. இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

1938 நவம்பர் 1ஆம் நாள் பிம்லிகோ களத்தில் வார் அட்மிரல் என்ற குதிரையோடு நடந்த புகழ்பெற்ற இருவர் பந்தயம் இன்னும் சுவையானது. வார் அட்மிரலுக்குப் புறப்பாட்டுக் கதவுக்கூண்டு ஆகாது, உள்ளே நிற்காது. அதனால் அதன் உரிமையாளர் கூண்டே வேண்டாமென்றார். மணியடித்துப் புறப்படுவது என்று முடிவாயிற்று. ஒரு குதிரையின் மிரட்சிக்காகப் பந்தய விதியே வளைந்து கொடுத்தது. ஸ்மித் அந்த விதிக்கேற்ப வீட்டுப்பாடம் செய்தார். கடிகார மணியை ஒரு மரப்பெட்டியில் பொருத்தித் தாமே ஒரு மணி செய்து, அதன் ஓசை கேட்டதும் புறப்படச் சீபிஸ்கட்டைத் திரும்பத் திரும்பப் பழக்கினார். அன்று மணியடித்ததும் முந்திக்கொண்டு பாய்ந்தது சீபிஸ்கட்தான்.

மணி என்றதும் அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. வினைமுடித்து மீளும் தலைவன், பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டு கலங்கிவிடும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். குறுங்குடி மருதனார் பாடியது. மணியின் நாவைக் கட்ட முடிந்த இடத்தில் கட்டிவிடலாம். ஒலிம்பிக் அரங்கின் மணியை யாரால் கட்ட முடியும்? கட்ட முடியாத மணியை வீட்டிலேயே முன்கூட்டி அடித்துப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

நல்ல குதிரைக்காரர்கள் இன்றும் செய்வது இதைத்தான். போட்டியில் சேராமல், வெறுமனே வேடிக்கை பார்க்கக் குதிரையை வெளியூர்க் களங்களுக்கு வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். மேயவிட்டு, நடக்கவிட்டுத் திரும்ப அழைத்து வருகிறார்கள். கைதட்டலையும் ஒலிபெருக்கி ஓசையையும் ஒலிப்பதிவாக லாயத்தில் முதலில் மெல்லவும் பிறகு உரக்கவும் ஒலிக்கவிடுகிறார்கள். வெளியூர்த் தண்ணீரின் சுவை மாறினால் சில குதிரைகள் குடிப்பதில்லை. ஆகவே புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்கி, போன இடத்திலும் அதையே கலக்கிறார்கள். வீட்டு வைக்கோலும் உடன் போகிறது. மிரளும் பொருளை நோக்கி இழுக்காமல், குதிரை நிற்கும் தூரத்தில் தாமும் நின்று, அது மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தும்வரை காத்து, ஓரடி போய், மீண்டும் பின்வாங்குகிறார்கள். பிடரிமயிர் முடியும் இடத்தில், தோளுக்கு மேலே, விரலால் சொறிந்து கொடுக்கிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993இலேயே பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை புதியவையும் அல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், இளங்குதிரையைக் கூட்டத்துக்குள் நடத்திப் போய் எல்லா ஓசைக்கும் காட்சிக்கும் பழக்கச் சொல்கிறார். சினத்தோடு அதனிடம் போகாதே என்கிறார். மிரளும் குதிரையை அடித்தால், வலியும் அந்தப் பொருளிடமிருந்தே வருகிறது என்று அது எண்ணிக்கொள்ளும் என்கிறார். டோக்கியோவின் வேலியோரத்தில் நின்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இருபது நிமிடம் முடிந்துபோன பிறகு தெரிந்து என்ன பயன்?

அடித்துப் பழக்கிய குதிரைகளும் களத்தில் அசையாமல் நிற்கின்றனவே என்று கேட்கலாம். நிற்கின்றன. அடங்குதல் வேறு, அமைதல் வேறு. எதிர்த்துப் பயனில்லை என்று கண்டுகொண்ட விலங்கும் அசையாமல்தான் நிற்கும். அதன் காது அசையாது, கண் எங்கும் போகாது. அமைந்த குதிரையின் காதுகள் ஓசை வரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும். பார்க்கும், கேட்கும், பிறகு விட்டுவிடும். மதிப்பெண் அட்டைக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். குதிரையோடு நாளும் இருப்பவருக்குத் தெரியும்.

அறியாத குதிரையை வசப்படுத்துவதே அப்போட்டியின் திறமை, அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஐந்திறப் போட்டியாளர் பலர் வாதிட்டனர். இதை எளிதில் தள்ள முடியாது. அன்றைய நாளிலேயே சீட்டில் விழுந்த குதிரையோடு அழகாகச் சென்றவர்களும் இருந்தார்கள். ஆனால் நன்றாகப் பயின்ற, இயல்பிலேயே நிதானமான குதிரை விழுந்தவருக்குத்தான் அத்திறமை கைகொடுத்தது. மிரளும் இயல்புடைய குதிரை, முற்பகுதியிலேயே ஒருவரோடு தோற்றுக் கலங்கிய குதிரை ஒருவருக்கு விழும்போது அங்கே சோதிக்கப்படுவது திறமையன்று.

சங்கம் எடுத்த முடிவு வேறு. 2021 நவம்பரிலேயே குதிரையை ஐந்திறத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனை வளாகத்தில் கடைசியாக ஒருமுறை குதிரைகள் ஓடின. குதிரைக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் இருபது நிமிடம் போதாது என்று ஒப்புக்கொள்வதைவிடக் குதிரையே வேண்டாம் என்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. வீரரையும் குதிரையையும் ஒரு வாரம் முன்பே ஒரே இடத்தில் தங்கவைத்து, ஆளில்லாத அரங்கில் நாளும் நடக்கவிட்டு, ஒரு குதிரைக்கு ஒருவர் என்று வைத்திருக்கலாம். பக்கத்தில் ஒரு பம்ப்கினையும் நிறுத்தியிருக்கலாம். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். 2028இல் லாஸ் ஏஞ்சலிசில் குதிரையின் இடத்தில் கயிறும் வளையமும் சுவருமாகத் தடையோட்டம் ஒன்று நடக்கவிருக்கிறது.