சண்டை கேமுக்கு எந்த கண்ட்ரோலர்? விரலைக் கேளுங்கள்!

சண்டை கேம் ஆடுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ரியூ பெரியவனா கென் பெரியவனா என்பதல்ல அது. பேடா, ஸ்டிக்கா, இல்லை இப்போது மூன்றாவதாக வந்து சேர்ந்திருக்கும் லீவரே இல்லாத பட்டன் பெட்டியா என்பதுதான். புதிதாக ஆட வரும் ஒரு பையன் "எதை வாங்கலாம்?" என்று வாயைத் திறந்தால் போதும், பத்துப் பேர் பதினொரு பதில் சொல்வார்கள். "சாம்பியன் இதைத்தான் வைத்திருக்கிறார்" என்பார் ஒருவர். "அசல் அனுபவம் வேண்டுமென்றால் ஸ்டிக்தான்" என்பார் இன்னொருவர். "இப்போது ஆடும்போது உனக்கு எந்த விரல் வலிக்கிறது?" என்று கேட்பவர்தான் யாரும் இல்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

கார் ரேஸ் கேமில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வளைவுகளில் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. சண்டை கேமில் அது நடக்காது. ஸ்டிரீட் ஃபைட்டரின் அந்தப் பிரசித்தி பெற்ற ஹடோகென் நெருப்புப் பந்தையே எடுத்துக்கொள்வோம். கீழே, கீழ்-முன் மூலை, முன்னே, உடனே ஒரு குத்து. கேம் வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. சில இணைப்புகளுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம்தான் அவகாசம், அதாவது வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. இதைப் பழக்கத்தில் கொண்டுவர பயிற்சி மோடில் ஒரே அடியை நூறு தடவை, இருநூறு தடவை போட்டுப் பார்ப்பார்கள். ஒரே விரல், ஒரே அசைவு, ஒரே மூட்டு. காசு பணத்தை விடுங்கள், இங்கே பணயம் வைக்கப்படுவது கை.

கொஞ்சம் பழைய கதை. 1991ல் ஸ்டிரீட் ஃபைட்டர் 2 ஆர்கேடில் வந்தபோது மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன்களோடு வந்தது. இடது கையில் லீவர், வலது கையில் பட்டன்கள். 1992ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது பெரிய பிரச்சினை இல்லை. அந்தப் பேடில் மேலே நான்கு, தோளில் இரண்டு என்று கூட்டினால் சரியாக ஆறு. செகாவின் மெகா டிரைவ் பாடுதான் திண்டாட்டம். அதில் இருந்ததே மூன்று பட்டன்! ஸ்டார்ட் பட்டனைத் தட்டித் தட்டிக் குத்துக்கும் உதைக்கும் மாறிக்கொள்ள வேண்டும். சண்டை நடுவில் இந்தக் கூத்து எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் 1993ல் செகா ஆறு பட்டன் பேட் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு விளையாட்டுக்காகக் கண்ட்ரோலரே மாறியது. பொருந்தாத கருவியோடு ஆடுகிறவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கருவிதான் இறங்கி வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்ட விஷயம்.

பேடில் இருக்கும் அந்தக் கூட்டல் குறி பட்டனுக்கும் ஒரு கதை உண்டு. 1982ல் நின்டெண்டோவின் டாங்கி காங் கேம் அண்ட் வாட்சுக்காக குன்பெய் யோகோய் உருவாக்கியது அது. இரண்டாக மடித்து எடுத்துச் செல்லும் குட்டிக் கருவி, அதில் லீவர் வைக்க இடமில்லை. அதற்குக் கண்டுபிடித்த தீர்வை, பிற்பாடு அரைவட்டம் அரைவட்டமாகச் சுழற்றும் சண்டை கேமுக்குப் பயன்படுத்தியதில் கட்டைவிரல் தோலுக்கு வந்தது வினை. இடது கட்டைவிரல் ஒன்றே எட்டுத் திசைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலைத் திசைகளுக்கு விரல் நுனியை உருட்ட வேண்டும். கொப்புளம், நகத்தோரம் எரிச்சல், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் இழுக்கிற மாதிரி ஒரு வலி, இவையெல்லாம் பேட்காரர்களின் வழக்கமான புகார்கள்.

அப்படியானால் ஸ்டிக்தான் சிறந்ததா? அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

2004ல் ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வோங்கின் சுன்-லி போட்ட சூப்பர் தாக்குதலின் 15 அடிகளையும் தடுத்துத் திருப்பி அடித்து ஜெயித்த அந்த வீடியோவைப் பார்க்காத சண்டை கேம் ரசிகர் இருக்க முடியாது. கென்னுக்கு உயிர் நூலிழையில் இருக்கிறது, ஒரு தடவை தப்பினாலும் கதை முடிந்தது. பார்ப்பவருக்கு ரோமம் சிலிர்க்கும். மறுநாளே ஸ்டிக் வாங்கத் தோன்றும். அதைப் பார்த்துவிட்டு ஸ்டிக் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஆனால் டைகோ ஜப்பானிய ஆர்கேடுகளில் லீவரைப் பிடித்து வளர்ந்தவர். லீவர் அவருக்குத் தாய்மொழி மாதிரி. நம்மூரில் முக்கால்வாசிப் பேர் இந்த விளையாட்டைக் கற்றது ஆர்கேடிலா என்ன? மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய வீடியோ கேம் கடைகளில், பிளேஸ்டேஷன் பேடில், டெக்கன் 3ல். (எடி கோர்டோவை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிப் பட்டன் தட்டியவர்களும் இதில் சேர்த்தி. அவர்களிடம் தோற்றவர்களின் வயிற்றெரிச்சல் தனிக்கதை.) அந்தக் கைகளுக்கு "அசல்" என்றால் பேட்தான். இன்னொருவருடைய இளமைக்காலத்தை இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கி மடியில் வைத்துக்கொள்வதற்கு அசல் அனுபவம் என்று பெயர் வைப்பது வேடிக்கை.

ஸ்டிக்கிலேயே ஒரு வகையா இருக்கிறது? ஜப்பானின் சன்வா லீவருக்கு உருண்டைத் தலை, உள்ளே ஸ்பிரிங், அடியில் சதுரமான கேட். மூலைத் திசை எங்கே என்று கைக்கே தெரியும், முட்டி நிற்கும். சதுரம் ஒத்துவராதவர்களுக்கு எண்கோணக் கேட் உண்டு. கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர், விட்டவுடன் வெடுக்கென்று நடுவுக்குத் திரும்பும். டெக்கனில் பின்னால் பின்னால் துள்ளி ஓடுகிறவர்களுக்கு அது பிடிக்கும். பழைய அமெரிக்க ஆர்கேட் லீவர் பேஸ்பால் மட்டை மாதிரி நீளத் தலையோடு இருக்கும், நின்றுகொண்டு முழுக்கையால் பிடித்து ஆடியவர்களுக்கானது. பிடிக்கும் விதமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒயின் கிளாஸை ஏந்துவதுபோல் விரலிடுக்கில் தண்டை வைத்துக் கீழிருந்து பிடிப்பவர்கள் உண்டு, மேலிருந்து பொத்திப் பிடிப்பவர்களும் உண்டு. கட்டைவிரல் பிழைத்தது, உண்மைதான். சுமை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போய்விட்டது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பெட்டியை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் தோளும் கழுத்தும் சேர்ந்து புகார் கொடுக்கும். வலி தீரவில்லை, வீடு மாறியிருக்கிறது.

ஸ்டிக் இல்லாமல் உச்சத்துக்குப் போக முடியாது என்ற வாதத்தை 2014லேயே ஒருவர் உடைத்துவிட்டார். பிரான்சைச் சேர்ந்த லூஃபி. அந்த வருடம் ஈவோவில் அல்ட்ரா ஸ்டிரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை, இறுதியில் ஜப்பானின் போன்சானை வீழ்த்தி வென்றார். கையில் இருந்தது முதல் பிளேஸ்டேஷன் காலத்துப் பேட்! சுற்றிலும் விலை உயர்ந்த ஸ்டிக்குகள், இவர் மட்டும் பரணில் இருந்து எடுத்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பேடை வைத்துக்கொண்டு. அவர் கைக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டுப் பழைய பேடைத் தேடி அலைந்தவர்களும் இருப்பார்கள். அதுவும் அதே தப்புதான், திசை மட்டும் வேறு.

லீவர்லெஸ் கதைக்கு வருவோம். இதில் லீவரே கிடையாது. இடது, கீழ், வலது மூன்றுக்கும் இடது கை விரல்கள், மேலே குதிக்கக் கட்டைவிரலுக்குக் கீழே பெரிய பட்டன் ஒன்று. அமெரிக்காவின் ஹிட் பாக்ஸ் நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. கம்ப்யூட்டர் கீபோர்டில் ஆடிப் பழகியவருக்கு உடனே பிடிபடும். மற்றவர்களுக்கு முதல் இரண்டு வாரம் நரகம், குதிக்க வேண்டிய இடத்தில் உட்காரும், உட்கார வேண்டிய இடத்தில் குதிக்கும். ஆனால் விரலுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிடுவதால், மணிக்கட்டு அசையாமல் கிடக்கும். வலி வந்து ஒதுங்கியவர்கள் சிலர் இதனால் திரும்பி வந்திருக்கிறார்கள். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே ஆட்டத்தில் பெயர் பெற்ற ஹாக்ஸ் அதற்கு உதாரணம். கேம்கியூப் கண்ட்ரோலரில் ஆடிக் கை கெட்டு, அறுவை சிகிச்சை வரை போனவர். கடைசியில் பட்டன்கள் மட்டுமே உள்ள பெட்டி ஒன்றைத் தானே உருவாக்கினார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. லீவரை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது, பட்டனில் இரண்டையும் அழுத்த முடியும். அழுத்தினால் என்ன ஆகும்? கைல் மாதிரி பின்னால் பிடித்து வைத்து முன்னால் தள்ளும் ஆட்களுக்கு இது பெரிய லாபமாகிவிடக்கூடும். 2019ல் டைகோவே இந்த வகைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தபோது கேப்காம் புரோ டூரில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 2023ல் ஸ்டிரீட் ஃபைட்டர் 6 வந்தபோது விதி தெளிவானது. எதிரெதிர் திசை இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்தத் திசையும் இல்லை என்றே கணக்கு. இதுதான் சரியான முறை. ஏமாற்று வேலைக்கு இடம் கொடுக்கும் அந்த ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு, பெட்டியைக் கையோடு விட்டுவிட வேண்டும். "லீவர் இல்லாமல் ஆடுவது ஆட்டமே இல்லை" என்று மொத்தமாகத் தடை கேட்பவர்களுக்கு அக்கறை நியாயத்தின் மேல் இல்லை, பழக்கத்தின் மேல்தான்.

அப்படிக் கேட்பவர்கள் புரோலிலெக்ஸ் ஆடிய வீடியோக்களைப் பார்க்க வேண்டும். மைக் பெகம் என்பது இயற்பெயர். ஆர்த்ரோகிரைபோசிஸ் என்ற பிறவிக் குறைபாட்டால் கை கால்களைப் பயன்படுத்த முடியாதவர். சாதாரணப் பேடை முகத்துக்கு நேரே வைத்து, வாயாலும் முகத்தாலும் அழுத்தி ஆடினார். ஸ்டிரீட் ஃபைட்டர் 4ல் உலகின் முன்னணி சுன்-லி ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். அவரிடம் போய் எது "முறையான" பிடி என்று யார் பாடம் எடுப்பது?

சரி, புதிதாக வரும் பையன் என்னதான் செய்வது? முதலில் பர்ஸை உள்ளே வைக்கட்டும். கன்சோலோடு வந்த பேடிலேயே ஒரு மாதம் ஆடட்டும். பாதிப் பிரச்சினை கேமின் பட்டன் மாற்றும் மெனுவிலேயே தீர்ந்துவிடும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டு பட்டனை ஒரே கட்டைவிரலால் சேர்த்து அமுக்கத் திணறுகிறதா? இரண்டையும் ஒரே தோள் பட்டனுக்கு ஒதுக்கிவிடலாம். அரைவட்டம் சுழற்றவே கை வரவில்லையா? ஸ்டிரீட் ஃபைட்டர் 6ல் மாடர்ன் என்று ஒரு முறை இருக்கிறது, ஒரு பட்டனிலேயே நெருப்புப் பந்து வரும். அப்படிக் குறுக்கு வழியில் போட்டால் அடியின் பலம் 20 சதவீதம் குறையும், அந்த விலை நியாயமானதுதான். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அப்புறமும் வலித்தால், வலிக்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும். கட்டைவிரல் என்றால் ஸ்டிக்கோ லீவர்லெஸ்ஸோ உதவலாம். மணிக்கட்டு என்றால் ஸ்டிக் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது என்றால் கண்ட்ரோலர் கடைக்குப் போகக்கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொரு விஷயம், இது காசு சம்பந்தப்பட்டது. பெரிய விலை கொடுத்து ஸ்டிக் வாங்கிவிட்டு, கை ஒத்துழைக்காவிட்டாலும் "இவ்வளவு கொடுத்தோமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறைய. காமர்ஸ் முதல் வருடத்திலேயே சங்க் காஸ்ட் என்று சொல்லித் தருகிறார்கள். போன பணம் போனதுதான், அடுத்த முடிவில் அதற்கு இடமில்லை. பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள், வீட்டில் சோபாவில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள ஸ்டிக்கை விற்றால் பாதியாவது தேறும். மணிக்கட்டுக்கு மறுவிலை கிடையாது.

கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, ஐந்து நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். நண்பனிடம் ஒரு வாரம் இரவல் வாங்கி, வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து, தினம் இரண்டு மணி நேரம் ஆடட்டும். ஜெயித்த கணக்கெல்லாம் வேண்டாம். மறுநாள் காலையில் பேஸ்ட் மூடியைத் திருகும்போது கட்டைவிரல் என்ன சொல்கிறது என்று மட்டும் கவனிக்கட்டும்.