பழி பேட்டரிக்கு, பிழை வயருக்கு

ட்ரோன், மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் பயன்படுத்தும் சார்ஜர்களில் பலவற்றை நேராக வீட்டு பிளக்கில் செருக முடியாது. 230 வோல்ட்டை 12 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றித் தர நடுவில் ஒரு பவர் சப்ளை வேண்டும். இந்த வரிசையில் எங்காவது கோளாறு வந்தால் முதல் சந்தேகம் விழுவது பேட்டரியின் மேல்தான். அது சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துபோகும் பொருள், விலையும் அதிகம், கண்ணெதிரே இருப்பதும் அதுதான். ஆனால் பல நேரங்களில் பிழை பவர் சப்ளையிலோ அதிலிருந்து வரும் வயரிலோ இருக்கிறது. விளையாட்டுப் பொருளாக இருந்த ட்ரோன் தாமிரபரணிப் பாசனத்தின் வேளாண் கருவியாகவும் ஆகக்கூடிய இந்தக் காலத்தில், கோளாறு எங்கே என்று அளந்து கண்டுபிடிக்கும் பழக்கத்தை, பறக்கவிடும் பயிற்சிக்குச் சமமாக வைத்துக் கற்றுத்தர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதாக நிறையும்போது 25.2 வோல்ட் காட்டும். அதை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் பேட்டரிக்குள் போவது 126 வாட். சார்ஜரில் வீணாகும் 15 சதவீதத்தையும் சேர்த்தால் பவர் சப்ளை 148 வாட் தர வேண்டும். 12 வோல்ட்டில் அது 12.4 ஆம்பியர். கையில் இருப்பது 12 ஆம்பியர் என்று அச்சிட்ட பவர் சப்ளை என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 22 வோல்ட் அளவில் இருக்கும்போது தேவை 11 ஆம்பியருக்குள் அடங்கிவிடுவதால் ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்ட் ஏறும், தேவையும் கூடும். கடைசிக் கட்டத்தில் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடக்கூடும். பார்ப்பவர், ‘நிறையப் போகும்போது நின்றுவிடுகிறது, பேட்டரி போச்சு’ என்று முடிவு கட்டுவார். உண்மையில் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை; தேவையைக் கணக்குப் பார்க்காமல் பவர் சப்ளை வாங்கியதுதான் குறை.

அடுத்தது வயர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.07 ஓம். 12 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.84 வோல்ட் தொலைந்துவிடும். பத்து வாட் வெப்பமாகிக் கம்பி சுடும். முனையில் தளர்ந்த கிளிப்போ பச்சை பூத்த கனெக்டரோ இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். 11 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாத சார்ஜர், உள்ளே வரும் மின்னழுத்தம் போதவில்லை என்று திரையில் காட்டிவிட்டு நிற்கும். அந்த எச்சரிக்கை பேட்டரியைப் பற்றியதே அல்ல. குறைகிற வோல்ட்டை ஈடுகட்ட சார்ஜர் அதிக ஆம்பியர் இழுக்கும் என்பதால் இழப்பு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் செய்யும். ஆற்றுப் பாசனக்காரருக்கு இது புரியாத விஷயமில்லை. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் தலைமடையில் நீர் நிறைந்திருப்பதை வைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே அளக்க வேண்டிய இடமும் நேரமும் முக்கியம். லோடு இல்லாமல் மல்டிமீட்டர் வைத்தால் பழுதான பவர் சப்ளையும் 12 வோல்ட் காட்டக்கூடும். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் சப்ளையின் முனையில் ஒரு முறை, சார்ஜரின் வாயில் ஒரு முறை அளக்க வேண்டும். முதல் இடத்தில் சரியாகவும் இரண்டாம் இடத்தில் குறைவாகவும் இருந்தால் பிழை வயரில். முதல் இடத்திலேயே சரிந்தால் பிழை பவர் சப்ளையில், அல்லது அதற்கு வரும் வீட்டு மின்சாரத்தில். மீட்டரே இல்லாதவர் சார்ஜ் அளவை 5 ஆம்பியரிலிருந்து 3 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். சார்ஜர் நிற்காமல் ஓடினால் சந்தேகத்தைப் பேட்டரியிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிடலாம். பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பழைய மாடல்கள் 5 வோல்ட் பக்கத்தில் லோடு இல்லையென்றால் 12 வோல்ட்டைச் சரியாகத் தராது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும்; பாளையங்கோட்டையின் கோடை அவற்றுக்கு நல்லதல்ல.

இதற்கு மறுப்புகள் உண்டு. சாதாரண மக்களை மின்கருவியில் கைவைக்கச் சொல்வது ஆபத்து என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம்தான். பவர் சப்ளைக்குள் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும். அதனால்தான் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்கிறேன். வெளியே வரும் 12 வோல்ட்டை, முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் அளப்பதில் அந்த ஆபத்து இல்லை. பேட்டரியும் கெட்டுப்போகுமே என்பது இரண்டாவது. கெடும், ஆனால் அதன் அடையாளங்கள் வேறு. பேட்டரி உப்பிப்போகும், செல்களுக்கிடையே வோல்ட் வித்தியாசம் வரும், உள்மின்தடை கூடும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. நிறுவனத்தின் சர்வீஸ் இருக்கிறதே என்பது மூன்றாவது. கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களில் பூச்சி விழுந்த வயல் சர்வீஸ்காரர் வரும்வரை காத்திருக்காது. வந்தவரிடமும் ‘ஓடவில்லை’ என்று சொல்வதைவிட ‘லோடில் 10.6 வோல்ட்தான் வருகிறது’ என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

தவறான தீர்ப்புக்கு விலையும் உண்டு. நல்ல பேட்டரி குப்பைக்குப் போகிறது. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. நடைமுறையில் அவை வீட்டுக் குப்பையோடு கலந்தால் போய்ச் சேரும் இடம் நெல்லையின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு. ஏற்கெனவே தீப்பற்றி எரிந்து புகையால் ஊரைத் திணறடித்த அந்த மேட்டில் மின்னூட்டம் மிச்சமிருக்கும் லித்தியம் பேட்டரியும் சேர்வது யாருக்கும் நல்லதல்ல.

அளக்கும் பழக்கத்தைக் கற்றுத்தர ஏற்ற இடம் ஒன்று உண்டு. மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டம் 1,261 கோடி ரூபாயில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டம். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். அறிவிக்கப்பட்ட பட்டியலில் கூடுதல் பேட்டரிகள், சார்ஜர், காற்றுவேகமானி, பிஎச் மீட்டர் எல்லாம் உண்டு, மல்டிமீட்டர் இல்லை. மின்சாதனப் பழுதுபார்ப்பில் நாட்டமுள்ள ஒருவரை ட்ரோன் உதவியாளராகப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. இது நல்ல யோசனை, ஆனால் கையில் அளவுகோல் கொடுக்காத யோசனை. திட்டத்தின் சார்ஜர்களில் பவர் சப்ளை உள்ளேயே அடங்கியிருந்தால்கூட கிராமத்துக் கடைசிக் கம்பத்திலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வரும் மின்சாரத்தை அளந்துதான் ஆக வேண்டும். கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடும் நெல்லை மாவட்டத்திலும் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும் நேரத்தில் கடைசி இணைப்பில் வோல்ட் இறங்கும். ஆகவே மல்டிமீட்டரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடங்களில் உதவியாளர்களுக்கு லோடில் அளக்கும் ஒரு நாள் செய்முறைப் பயிற்சி தர வேண்டும். சார்ஜரை விற்பவர்கள், எத்தனை செல்லுக்கு எத்தனை ஆம்பியரில் எவ்வளவு வாட் பவர் சப்ளை, எந்தத் தடிமனில் வயர் என்பதைத் தமிழில் அட்டவணையாக ஒட்டித் தர வேண்டும். எட்டு லட்சம் மானியம் தரும் அரசுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மீட்டர் பெரிய செலவல்ல.