மகளும் பழகட்டும்

குளிர்கால விடுமுறைக்குக் குல்மார்க் செல்லும் குடும்பங்கள் சில, பையனுக்கு மட்டும் சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு எடுக்கின்றன. தாயும் மகளும் சால்வை போர்த்தி வேடிக்கை பார்க்கிறார்கள். செலவு ஒரு காரணம், "பெண் குழந்தை, விழுந்தால் என்னாவது?" என்பது மற்றொன்று.

பனிச்சறுக்குக்கு முரட்டுப் பலம் வேண்டாம். பக்கவாட்டில் விழுந்து எழுவதும், கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி வேகத்தை அடக்குவதும்தான் ஆரம்பப் பாடம். பயிற்சியாளர் துணையோடு, மெல்லிய சரிவில் இருபாலரும் பழகலாம். 2018-இல் துருக்கியில் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற ஆஞ்சல் தாக்கூர் மணாலிப் பெண்தானே!

பணம் போதாதென்றால், ஒரு மணி பையனுக்கு, ஒரு மணி பெண்ணுக்கு என்று முறை வைக்கலாம். பூட்ஸ் மட்டும் அவரவர் அளவுக்கு இருக்க வேண்டும். விழுந்து எழப் பழகுவது பையனுக்கு மட்டுமா தேவை?