அருவி வெட்டு முடிந்த வயல் யாருக்கு?

கிளிநொச்சியில் காலபோக அறுவடை தை மாதக் கடைசியில் சூடுபிடித்துப் பங்குனி வரை இழுபடும். வெட்டு மெசின் இறங்கி ஏறி, நெல் மூடையாகி, லொறியும் போய்விட்டால் அந்த வயலைப் பற்றிப் பேச ஆளில்லை. அடுத்த பேச்சு சிறுபோகக் கூட்டத்தில்தான்: இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு. இடையில் வரும் சில கிழமைகளை நாம் வெறும் இடைவெளியாக நினைக்கிறோம். சைபீரியா வரை திரும்பிப் பறக்கவேண்டிய வாத்துகள் உடலில் கொழுப்பைச் சேர்ப்பது அந்தக் கிழமைகளில்தான்.

ஊரில் காட்டுத் தாரா என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வலசை வருபவை. 30 நாடுகளைத் தொடும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இலங்கை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்திறங்கும் இந்தப் பறவைகள் பகலில் சுண்டிக்குளம், கொக்கிளாய் போன்ற களப்புகளில் கூட்டமாக ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் இரைக்காக நன்னீர்ப் பக்கம் கிளம்பும். கண்டாவளை, முரசுமோட்டை வயல்வெளிகள் சுண்டிக்குளத்துக் களப்பிலிருந்து ஒரு வாத்துக்குத் தூரமே அல்ல. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. கொக்கிளாய் 1951இலிருந்து சரணாலயம். பகலில் உறங்கும் இடத்துக்கு எல்லைக்கல் நட்டுவிட்டோம். இரவில் உண்ணும் இடம் அந்தக் கல்லுக்கு வெளியே, கமக்காரரின் உறுதிக் காணியில் கிடக்கிறது.

அங்கே உண்ண எவ்வளவு கிடக்கிறது? கையால் அருவி வெட்டி, சூடு வைத்து, களத்தில் மிதித்த காலத்தில் சிந்திய கதிரைப் பொறுக்கவும் ஆட்கள் வந்தார்கள். மெசின் வந்தபின் பொறுக்குவோர் இல்லை. வயலின் ஈரம், பயிர் சாய்ந்திருந்த விதம், ஓட்டுநரின் அவசரம் ஆகியவற்றைப் பொறுத்துச் சிந்தும் அளவு கூடும், குறையும். ஏக்கருக்கு 1,600 கிலோ விளைந்து, நூற்றுக்கு 2 பங்கு சிந்தியது என்று வைத்துக்கொண்டால் 32 கிலோ. அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையில் நடந்த ஆய்வுகள், நெல் ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோவுக்குக் குறைந்தால் வாத்துகள் அந்த வயலைக் கைவிடுகின்றன என்று காட்டியிருக்கின்றன. அதற்குக் கீழே தேடும் உழைப்புக்குத் தின்னும் நெல் ஈடாகாது. ஆக, வாத்துக்கு உண்மையில் கிடைப்பது அந்த 12 கிலோ வித்தியாசம்தான். இரணைமடுவின் கீழுள்ள ஏறத்தாழ 21,000 ஏக்கருக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் 250 தொன். ஒரு தீக்குச்சியோ ஓர் உழவோ இதைப் பெருமளவு இல்லாமலாக்கிவிடும்.

மிசிசிப்பியில் தெரியவந்த இன்னொன்று நமக்கு இன்னும் முக்கியமானது. அங்கே கோடை முடியும் முன்பே அறுவடை நடந்துவிடுகிறது. 2000 முதல் 2002 வரை அளந்து பார்த்தபோது, அறுவடை முடிந்த கையோடு ஹெக்டேயருக்கு 271 கிலோ கிடந்த நெல், வாத்துகள் வந்துசேரும் பருவத்தில் 78 கிலோவாகச் சுருங்கியிருந்தது. மிச்சம் முளைத்தது, உக்கியது, எலியும் மற்றப் பறவைகளும் தின்றது. விருந்து முடிந்த பிறகே விருந்தாளி வருகிறார். வன்னியில் இது தலைகீழ். வாத்து ஏற்கனவே இங்கே நிற்கிறது. அது புறப்படுவதற்குச் சற்று முன்பு, நெடும்பயணத்துக்குத் தீனி அதிகம் தேவைப்படும் நேரத்தில், நெல் புதிதாய்ச் சிந்துகிறது. பெரும் பணம் செலவழித்தும் அமெரிக்கர்களால் எளிதில் உண்டாக்க முடியாத பொருத்தத்தை நமது காலபோகம் இலவசமாகத் தருகிறது.

அதை நாம் எரிக்கிறோம். மெசின் வரிசையாகத் தள்ளிவிட்டுப் போகும் வைக்கோலைக் கட்டி விற்பவர்களும் மாட்டுக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மிச்சத்துக்குப் பல இடங்களில் நெருப்புத்தான். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது வெறுங்கையோடு நின்ற கமக்காரருக்கு இதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் 1991இல் வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டம் வந்தது. எரிக்க முடியாத விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி வைக்கோலை உக்கவிட்டார்கள். வாத்துகள் திரண்டு வந்தன. அவை மிதித்துக் கிளறியதில் வைக்கோல் இன்னும் விரைவாக உக்கியது என்று பின்னர் ஆய்விலும் தெரிந்தது. தரையில் கிடந்து அடுத்த போகத்தில் களைநெல்லாக முளைக்கக்கூடிய விதையையும் வாத்து தின்கிறது.

கமக்காரரின் மனக்குறை பொய்யல்ல. புழுதி விதைப்பிலும் சேற்று விதைப்பிலும் விதைநெல்லைப் பறவை தின்கிறது. இங்கேயே குஞ்சு பொரிக்கும் சீழ்க்கைச் சிறகியும், பயிரை மிதித்து முறிக்கும் தாழைக்கோழியும் ஏற்படுத்தும் நட்டத்தை அனுபவித்தவரிடம் போய்ப் பறவை நேயம் பேசுவது நியாயமில்லை. யானையாலும் பன்றியாலும் மயிலாலும் ஏற்கனவே நொந்திருப்பவர்கள் அவர்கள். ஆனால் விதைப்புக் கால நட்டம் வேறு, வெட்டு முடிந்த வயலில் நடப்பது வேறு. மாசி மாதத்து ஒட்டுத்தாளில் இறங்கும் வாத்து யாருடைய விளைச்சலையும் தொடுவதில்லை. அங்கே அதைத் துவக்கால் சுடுவதற்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று எவரும் காரணம் சொல்ல முடியாது.

பறவைக்காகக் குளத்துத் தண்ணீர் கேட்கவும் நான் வரவில்லை. சிறுபோகத்துக்கே நீர் போதாத மண்ணில் அது அநியாயம். ஜப்பானின் கபுகுரிநுமாவில் குளிர்காலத்தில் வயலுக்கு நீர் விட்டு வாத்தினங்களைக் காக்கிறார்கள்; 2005இல் அந்த ஏரி சுற்றியுள்ள நெல்வயல்களோடு சேர்த்தே ராம்சர் பட்டியலில் ஏறியது. அங்கே தண்ணீர் உண்டு. இங்கே தேவைப்படுவது கொஞ்சம் பொறுமை. சிறுபோகப் பங்கு கிடைக்காத வயல் எப்படியும் புரட்டாசி வரை சும்மாதான் கிடக்கப்போகிறது. அதைப் பங்குனி முடியும்வரை எரிக்காமல், உழாமல் விட்டால் யாருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. பின்மழை நீர் தேங்கும் தாழ்ந்த வயல்களின் வரம்பை அதுவரை வெட்டாமல் விட்டால் இன்னும் நல்லது.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அடுத்த காலபோகம் முடிந்ததும் மாணவர்கள் வயலில் சட்டம் வைத்து, சிந்திய நெல்லை அளக்கவேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் அந்தக் கிழமைகளிலாவது தன் இரவு ரோந்தைக் களப்புக் கரையிலிருந்து வயற்கரைக்கும் நீட்டவேண்டும். அரச அதிபர் தலைமையில் கூடும் சிறுபோகக் கூட்டத்தில் நீர்ப் பங்கைத் தீர்மானிக்கும்போதே, பங்கில்லாத வயல்களில் பங்குனி முடியும்வரை நெருப்பு வைப்பதில்லை என்ற ஒரு வரியையும் கமக்காரர் அமைப்புகள் எழுதவைக்கட்டும்.