கறுத்துப்போன கிரில்



சென்ற மாதம் கல்முனைக்குடியில் ஒரு ராத்தாவைப் பார்க்கப் போனேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர். குழுக்கடனில் வாங்கிய காஸ் கிரிலில் கோழி சுட்டு விற்று இளைய மகளைப் படிப்பிக்கிறார். இரண்டு வாரமாகக் கிரில் மூடிக் கிடந்தது.

“தங்கச்சி, உள்ளுக்கு நிறமெல்லாம் மாறிப் போச்சு. கோழியில நஞ்சு ஏறிருமோ எண்டு பயமாக் கிடக்கு. பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கப் போறன்” என்றார். கடனில் எட்டுத் தவணை மீதி.

இருவரும் மூடியைத் திறந்து பார்த்தோம்.

பக்கத் தகடுகளில் வைக்கோல் நிறமும் நீலமும் படர்ந்திருந்தன. துருப்பிடிக்காத உருக்கு ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் இந்நிறம் வரும். அது பழுதுமல்ல, நஞ்சுமல்ல. மூடியில் செதில் செதிலாக உரிந்தது பெயின்ற் அல்ல, கருகிய கொழுப்பு. சுரண்டி எடுத்தால் போதும். கம்பிகளில் செம்மஞ்சள் துரு. அது நமது கடற்காற்றின் உப்பு செய்த வேலை. தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் கழுவியபின் நன்றாகச் சூடேற்றி, மறுபடி கழுவ வேண்டும்.

ஒன்றுதான் என்னைப் பயப்படுத்தியது. விரலில் ஒட்டும் மெல்லிய புகைக்கரி. சுவாலையும் நீலமாக இல்லை, மஞ்சளாக நீண்டு எரிந்தது. வாயுவுக்குக் காற்றுப் போதவில்லை என்பதன் அடையாளம் அது. அப்படி எரியும்போது காபன் மொனொக்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடியும் மயக்கமும் தந்து உயிரையே எடுக்கும்.

“எங்க வச்சுச் சுடுறீங்க?” என்று கேட்டேன்.

“குசினிக்குள்ளதான். கதவைச் சாத்திட்டு. பொம்புள தனிய ரோட்டில கோழி சுடுறா எண்டு ஊர் கதைக்கும்.”

“தலையிடிக்கிறதா?”

“ஒவ்வொரு நாளும்.”

சிலிண்டரை மூடி, கிரில் ஆறியபின் பர்னரைக் கழற்றினோம். காற்றுப் போகும் குழாய்க்குள் சிலந்தி வலை! போத்தல் பிரஷ்ஷால் துடைத்து, துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தோம். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி, வாயுவைத் திறந்து, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. கிரிலைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து வைத்தே பற்ற வைத்தோம். சுவாலை நீலமாக எரிந்தது.

2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த நாள் முதல் நமக்கெல்லாம் பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயந்து பொருளை விற்பதற்கு முன், நிறம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். துப்புரவாக்கியும் மஞ்சளாக எரிந்தால், காஸ் மணத்தால், பாவிக்காதீர்கள், தெரிந்தவரை அழையுங்கள்.

ஊர் வாய்க்குப் பயந்து கதவைச் சாத்தாதீர்கள், சகோதரிகளே. ஊர் நம் கடனையும் கட்டாது, நமக்காக மூச்சும் விடாது. ராத்தா இப்போது முற்றத்தில்தான் சுடுகிறார். தலையிடி இல்லையாம்.