வழிவதே வளம்

ஆங்கிலத்தின் 'அபண்டன்ஸ்' என்னும் சொல்லுக்கு 'மிகுதி', 'ஏராளம்' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். பொருளில் பிழையில்லை, ஆனால் அச்சொல்லுக்குள் ஓடும் நீர் அதில் வற்றிவிடுகிறது.

இலத்தீனில் 'உந்தா' என்றால் அலை. 'அப்' என்றால் விலகி. இரண்டும் சேர்ந்த 'அபுந்தாரே' என்னும் வினைக்குக் கரைகடந்து வழிதல் என்று பொருள். இடைக்காலத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியோர் இச்சொல்லின் முன் ஓர் 'எச்' எழுத்தைச் சேர்த்தனர். 'உடைமையாகக் கொள்ளுதல்' எனப் பொருள்படும் 'ஹபேரே'தான் இதன் வேர் என்று கருதியதன் விளைவு அது. பிற்காலத்தில் அந்த எழுத்து நீங்கிற்று. எழுத்துப் பிழை திருந்தியது. கருத்துப் பிழை திருந்தவில்லை என்பேன். வளம் என்றால் வைத்திருப்பது என்றே இன்றும் கணக்கிடுகிறோம்.

தமிழும் மிகுதியை நீராகவே கண்டது. 'வெள்ளம்' பெருகிவரும் புனலையும் மிகுதியையும் குறித்தது. ஒரு பேரெண்ணுக்கும் பெயராயிற்று. 'பெருக்கு' ஆற்றுக்கு, 'பெருக்கம்' செல்வத்துக்கு. நாம் வாழும் மண்ணின் மராட்டியிலும் 'பூர்' என்றால் வெள்ளம். 'பர்பூர்' என்றால் நிறைய. எனினும் இன்றைய செய்தித்தாளில் வெள்ளம் என்றாலே பேரிடர்தான். சொல்லின் பொருள் ஏன் இப்படிச் சுருங்கியது?

விடை மும்பையிலேயே இருக்கிறது. முலுண்டுக்கு மேற்கே குன்றுகளுக்கு அப்பாலுள்ள விகார் ஏரி நிரம்பி வழிந்தால் நகருக்கு அது நற்செய்தி. விகார், பவாய் ஏரிகளின் வழிநீரே மித்தி ஆறாகித் தாராவியை ஒட்டிச் சென்று மாகிமில் கடலைச் சேர்கிறது. விமான நிலையத்துக்காக அதன் போக்கை வளைத்தோம். பாந்திரா-குர்லா வளாகத்துக்காக அதன் சதுப்பைத் தூர்த்தோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, வழிய இடமின்றி ஆறு வீடுகளுக்குள் புகுந்தது.

இப்போது முலுண்டின் முறை. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதியற்றோர் எனப்படுவோரைக் குடியமர்த்த, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் ஏறத்தாழ 256 ஏக்கரை ஒதுக்க 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உப்பளம் வெற்று நிலமன்று. மழைநீரும் கடல்நீரும் பரவித் தங்கும் தாழ்நிலம். 'அவர்கள் இங்கே வரக்கூடாது' என்னும் குரலோடு எனக்கு உடன்பாடில்லை. தாராவி மக்களுக்கு வீடு உரிமை. அதனாலேயே கேட்கிறேன்: மித்திக் கரையில் வெள்ளம் கண்டவர்களை மீண்டும் நீரின் வழியில்தான் குடியமர்த்த வேண்டுமா?

தாராவித் தமிழருள் பலருக்குப் பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. அங்கே குளத்தின் மிகைநீர் வெளியேறும் வழிக்கு மறுகால் என்று பெயர். ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு அது வரவு. மறுகாலை அடைத்தால் கரை உடையும். வழியவிடுவதே வளம் என்பதை அறிந்த மூதாதையர் நமக்கு உண்டு. உப்பளங்கள் முலுண்டின் மறுகால். அவற்றை அடைக்க வேண்டாம்.